‘ஆயில் சீல்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அடையாற்றிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். பழைய வீட்டுவண்டி ஒன்றின் எஞ்சினில் தனிக்கருவிகள் இல்லாமல் ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம்) மாற்றும் முறையை விளக்கும் கையேட்டைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். (கோடம்பாக்கத்தில் இவ்வண்டியைக் கேரவன் என்பார்கள், அதை இப்போது கிளற வேண்டாம்.) கணினி ‘எண்ணெய் முத்திரை’ என்று தந்தது, அரக்கு வைத்த ஓலைதான் நினைவுக்கு வந்தது. ‘அடைப்பான்’ என்று நான் எழுதியுள்ள பகுதி இது: “பழைய அடைப்பானில் இரண்டு திருகாணிகளைத் தண்டில் படாமல் முறுக்கி, அவற்றைக் குறடால் மாறி மாறி இழுத்து வெளியே எடுக்கவும். புதியதன் உதட்டில் எண்ணெய் தடவி, சுருள்வில் தெரியும் பக்கம் எஞ்சினின் உட்புறம் நோக்கியிருக்குமாறு வைத்து, அதன் விளிம்பில் பொருந்தும் குழாய்த்துண்டால் சுற்றிலும் சீராகத் தட்டி இறக்கவும்.”

மயிலாப்பூரிலிருந்து:

அடைப்பான் என்பது மாட்டுக்கு வரும் நோய். மாணவர் ஊசி போடக் கிளம்பிவிடுவர். அன்றியும், எள்ளின் நெய்யே எண்ணெய். எஞ்சினில் ஊற்றுவது எள்ளிலிருந்து வந்ததன்று. ‘உயவு’ சங்கப் பாடல்களில் வருத்தத்தைக் குறிப்பது. உராயும் அச்சின் வருத்தம் தீர்ப்பதால்தான் மசகுக்கு உயவுநெய் எனப் பெயர் வந்தது என்பது என் துணிபு. எனவே ‘உயவுக்காப்பு’ என்க.

பெரம்பூரிலிருந்து:

எள்ளைத் தமிழ் எப்போதோ கடந்துவிட்டது, ஐயா. இல்லையேல் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் எப்படி வந்தன? நாற்பது ஆண்டுகள் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுழலும் தண்டுக்கும் ரப்பர் உதட்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தே ஆக வேண்டும், இல்லையேல் உதடு கருகிவிடும். ஆகவே அது முழுதாக அடைப்பதன்று, கசிவைத் தடுப்பது, ‘கசிவுத்தடை’ போதும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் உதடே இல்லாத கயிற்றுத்திரிதான் இருக்கும்; அதற்கும் இச்சொல் பொருந்தும். கையேட்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எஞ்சினின் காற்றுப்போக்கி அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, புதிய சீலும் ஒழுகும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடையில் ‘உயவுக்காப்பு’ கேட்கும் மாணவன் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

தாம்பரத்திலிருந்து:

வகுப்பில் ‘தடை’ என்றால் ஆணையைத்தான் நினைப்பார்கள். கையில் பிடிக்கும் பொருளுக்கு அது ஒட்டவில்லை. ‘கசிவடைப்பு’ என்று வைத்துப் பார்த்தேன், வாக்கியத்தில் இடறவில்லை. கசிவு முற்றியலுகரம் ஆயிற்றே, உகரம் கெடுமா என்று யாரும் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: ‘முற்றும் அற்று ஒரோவழி’ (முற்றியலுகரமும் சிலவிடத்து அவ்வாறே கெடும்) என்று நன்னூல் இடம் தருகிறது.

அடையாற்றிலிருந்து:

தாம்பரத்தாரின் ‘கசிவடைப்பு’ என்பதையே ஏற்கிறேன். முழுதாக அடைப்பதில்லை என்ற பெரம்பூர் ஐயாவின் கருத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை, நேரமும் இல்லை. முதல் பக்கத்தில் ‘சீல் எனப்படும் கசிவடைப்பு’ என்று அறிமுகப்படுத்தி, பிறகு தனித்தமிழ்ச் சொல்லையே ஆள்கிறேன். காற்றுப்போக்கி பற்றிய குறிப்பும் சேர்ந்துவிட்டது.

மயிலாப்பூரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கசிவை அடைப்பது மெழுகும்கூடத்தான். எதன் கசிவு என்பதை உங்கள் சொல் கூறவில்லை. உயவுக்காப்பு கூறுகிறது.