மகன் அமெரிக்கக் கல்லூரிக்கு உதைபந்தாட்டம் ஆடப் போகலாமா?

ஹம்_அப்பா:
வணக்கம் உறவுகளே. ஜேர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகன் வருகிற கோடையில் அபிட்டூர் (பள்ளி இறுதித் தேர்வு) முடிக்கிறான். ஊர்க் கழகத்தின் ஏ-யூகெண்ட் (19 வயதுக்குட்பட்டோர்) அணியில் எட்டாம் நம்பர், மத்தியகள வீரர். பெரிய கழகங்களின் அக்கடமி எதிலும் இருந்தவன் இல்லை. அவனுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு முகவர் நிறுவனம் தொலைபேசியில் கூப்பிட்டது. அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் இடம், புலமைப்பரிசில், அப்புறம் நேரே எம்.எல்.எஸ். (அமெரிக்காவின் முதல்தரத் தொழில்முறை லீக்) என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கான கட்டணம் சில ஆயிரம் யூரோ. "படிப்பும் சேர்த்துத்தானே, போகட்டும்" என்கிறா மனைவி. எனக்கு நித்திரை வரவில்லை. கல்லூரி வழியாகப் போய் உண்மையிலேயே தொழில்முறையாக ஆடினவர்கள் இருக்கிறார்களா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
அண்ணை, முகவருக்குக் கொடுக்கிற காசில் பெடியனுக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கோ. உலகமே ஆட்டம் பழக ஜேர்மனிக்கு வருகிறது, நீங்கள் அங்கே இருந்துகொண்டு அமெரிக்காவைப் பார்க்கிறீர்கள்!

பழைய_எட்டு:
மேலே சொன்னவர் பகிடி விட்டாலும் அதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஜூலியான் கிரெஸலின் கதையைக் கேளுங்கள் அண்ணா. பவேரியாவில் சின்ன ஊர்க்காரர். பாம்பேர்க்கில் நான்காம் தரக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவர், 2013இல் றோட் ஐலண்ட் மாநிலத்துப் புரொவிடன்ஸ் கல்லூரிக்குப் போனார். நான்கு வருடமும் அங்கேதான். 2014இல் அந்த அணி கல்லூரிகளின் நாடளாவிய கிண்ணத்தில் அரையிறுதி வரை போனது. 2017 சுப்பர் டிராஃப்டில் (எம்.எல்.எஸ். அணிகள் கல்லூரி வீரர்களை ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும் நிகழ்வு) அட்லாண்டா யுனைட்டட் எட்டாவது தேர்வாக அவரை எடுத்தது. அந்த வருடம்தான் அட்லாண்டா முதன்முதலாக லீக்கில் ஆடியது, பயிற்றுநர் பார்சிலோனாவில் இருந்த மார்ட்டினோ. புது அணி என்றபடியால் யாருடைய இடமும் உறுதியில்லை. கிரெஸல் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார், அடுத்த வருடமே எம்.எல்.எஸ். கிண்ணம். 2023இல் கொலம்பஸ் அணியோடு இன்னொரு கிண்ணம். இடையில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்து அந்த நாட்டுத் தேசிய அணிக்கும் ஆடினார். நடுக்களத்தில் வந்தவரை வலது ஓரத்துக்கும் மாற்றினார்கள், அதையும் செய்தார்.

ஆக வழி இருக்கிறது. ஆனால் முகவர் ஆட்கள் கிரெஸலின் படத்தைக் காட்டுவார்கள், அவரோடு டிராஃப்டில் பெயர் வாசிக்கப்பட்டு எம்.எல்.எஸ். ஒப்பந்தமே கிடைக்காமல் போனவர்களின் படத்தைக் காட்ட மாட்டார்கள். பெயர் வாசித்தால் உங்களோடு பேசும் உரிமை அந்த அணிக்கு வருகிறது, அவ்வளவுதான். பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள், பார்ப்பார்கள், அனுப்புவார்கள்.

நானும் ஜேர்மனியில் பிறந்தவன்தான், எட்டாம் நம்பர்தான். அமெரிக்காவின் தெற்கு மாநிலமொன்றில் இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் (கல்லூரி விளையாட்டில் முதற்பிரிவுக்கு அடுத்த தரம்) ஆடிப் பட்டம் எடுத்தேன். இப்போது ஜேர்மனிக்குத் திரும்பி ஐந்தாம் தரமான ஓபர்லீகாவில் ஆடுகிறேன், பகலில் அலுவலக வேலை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மத்தியகள வீரனின் தகப்பன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆட்டம் வேறு ஆட்டம்.

மணிக்கூடு அங்கே 45இல் இருந்து கீழே இறங்கும். கடைசிப் பத்து வினாடியை ஒலிபெருக்கியில் எண்ணுவார்கள், சனமும் சேர்ந்து எண்ணும். வெளியே எடுத்த ஆளை இரண்டாம் பாதியில் திரும்பவும் இறக்கலாம். அதனால் பயிற்றுநர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முன்வரிசையைக் கூட்டமாக மாற்றி மாற்றி விடுவார்கள், புதுக் கால்கள் வந்து உங்களை நெருக்கிக்கொண்டே இருக்கும். பந்தை நிறுத்தி, தலை தூக்கி, திசை மாற்றுகிற எட்டாம் நம்பருக்கு மூச்சு விட நேரம் இல்லை. வெள்ளி இரவு ஓர் ஆட்டம், ஞாயிறு மதியம் இன்னொன்று, நடுவில் பஸ்ஸில் நித்திரை. ஓடத் தெரிந்தவன் பிழைப்பான். யோசிக்கத் தெரிந்தவன் பிழைக்க நல்ல பயிற்றுநர் வேண்டும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை நாட்காட்டி. ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும், நாடளாவிய கிண்ணத்துக்குப் போகாத அணிக்கு நவம்பர் நடுவிலேயே சரி. வசந்தத்தில் சில நட்பு ஆட்டங்கள், கோடையில் யு.எஸ்.எல். லீக் டூ போன்ற சம்பளமில்லாத கழகங்கள். இதே வயதில் ஹம்மில் இருந்தால் வாராவாரம் பெரிய ஆட்களோடு ஆடுவான். எனவே கல்லூரியைத் தெரிவு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். போன கோடையில் அந்த அணியின் மத்தியகள வீரர்கள் எங்கே ஆடினார்கள், பட்டம் முடித்தவர்கள் எந்தக் கழகத்துக்குப் போனார்கள் என்று பயிற்றுநரிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் உங்களுக்கு விளங்கிவிடும்.

ஸ்காபரோ_மாமி:
எங்கள் பக்கத்து பிரம்ப்டன் பெடியன் டேஜோன் புக்கானனை விட்டுவிட்டீர்களே தம்பி! சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், 2019 டிராஃப்டில் ஒன்பதாவது, பிறகு பெல்ஜியத்தின் ப்ரூஜ், இன்டர் மிலான் என்று போய்விட்டான்.

பழைய_எட்டு:
உண்மைதான் அக்கா. ஜாக் ஹாரிசனும் அப்படித்தான். மான்செஸ்டர் யுனைட்டட் அக்கடமியில் இருந்தவரைத் தாய் 14 வயதில் மாசசூசெட்ஸ் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினா. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன், 2016இல் டிராஃப்டின் முதல் தேர்வு, கடைசியில் லீட்ஸோடு பிரீமியர் லீக். ஆனால் பாருங்கள், புக்கானன் இரண்டு வருடத்தில் வெளியே, இவர் ஒரு வருடத்தில் வெளியே. அந்த அளவு திறமையுள்ளவர்களை லீக்கே கல்லூரியில் விட்டு வைக்காது. எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறது கிரெஸலின் வழிதான், நான்கு வருடம் பொறுமையாக.

ஹம்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. புலமைப்பரிசில் "எழுபது வீதம் வரை" என்று எழுதியிருக்கிறார்கள். அதை நம்பலாமா?

பழைய_எட்டு:
எதில் எழுபது வீதம் என்று கேளுங்கள் அண்ணா. படிப்புக் கட்டணத்தில் மட்டுமா, விடுதி, சாப்பாடு, புத்தகம், மருத்துவக் காப்புறுதி எல்லாம் சேர்த்தா? என் கடிதத்தில் காப்புறுதி வரவேயில்லை, அது தனிப் பில்லாக வந்தது. "வரை" என்ற சொல்லும் சும்மா போடப்பட்டதில்லை. முதற்பிரிவு ஆண்கள் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் மொத்தமே 9.9 புலமைப்பரிசில்தான், இரண்டாம் பிரிவில் 9. அதை இருபது இருபத்தைந்து பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கின் 2025 தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பணம் கொடுக்க மனம் இருக்கிற கல்லூரி எத்தனை என்பது வேறு கதை.

இரண்டாவது, வதிவிடம். மாணவர் வீசாவில் கல்லூரிக்கு வெளியே நினைத்தபடி உழைக்க முடியாது. எம்.எல்.எஸ். அணிகளுக்கு வெளிநாட்டு வீரர் இடங்கள் அளவாகத்தான் உண்டு. அந்த இடத்தை ஆர்ஜென்டீனாக்காரனுக்குக் கொடுப்பார்களா, கல்லூரியில் இருந்து வந்த ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரனுக்குக் கொடுப்பார்களா?

மூன்றாவது, அபிட்டூர் முடிந்ததும் "ஒரு இரண்டு வருடம் இங்கே ஆடிப் பார்ப்போம், பிறகு போகலாம்" என்று இழுக்க வேண்டாம். பள்ளி முடிந்தபின் உள்ள ஒரு வருடச் சலுகையைத் தாண்டினால் கல்லூரியில் ஆடும் தகுதி வருடங்கள் வெட்டுப்படும். முகவரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் மகனே நாலைந்து பயிற்றுநர்களுக்கு ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவோடு மின்னஞ்சல் அனுப்பட்டும். கோல் துணுக்குகள் மட்டும் வேண்டாம், எட்டாம் நம்பர் பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். அனுப்பும் மின்னஞ்சலை எனக்குத் தனிமடலில் காட்டச் சொல்லுங்கள், ஆங்கிலம் திருத்தித் தருகிறேன்.