தொட்டியில் காட்டிவிட்டுத் தர மறுத்த கோஹாகு: நீகாட்டா பயண அனுபவங்கள்

ஈப்போ குளம்:
ஜப்பானின் நீகாட்டாவில் உள்ள ஒஜியா, அக்டோபர் கடைசி. மண் குளங்களை வற்றவைத்து, அழகுக்காக வளர்க்கும் கோய் கெண்டை மீன்களைக் கூடாரத்துக்குள் இருக்கும் தொட்டிகளுக்குக் கொண்டுவரும் சமயம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் போன இடம் சின்னப் பண்ணை. அப்பாவும் மகனும் மட்டும். நிசாய் (இரண்டு வயது) கோஹாகு, அதாவது வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு உள்ள வகை, பெண் மீன் வேண்டும் என்று டீலர் சொல்லியிருந்தார். மகன் நீல பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று மீன்களை விட்டார். மூன்றும் 50 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் நீளத் துணி வலை. ஒன்றும் சொல்லாமல் அதில் இருந்த மீனை அதே தொட்டியில் நழுவ விட்டார்.

பேட்டர்ன் என்று பெரிதாக எதுவும் இல்லை. தலையில் ஒரு சிவப்பு, முதுகில் ஒன்று, வாலுக்கு முன்னால் ஒன்று. ஆனால் அந்த வெள்ளை! புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவருக்குப் பக்கத்தில் பழைய சுவர் நிற்கிற மாதிரி மற்ற மூன்றும் ஒரே நொடியில் மங்கிப்போய்விட்டன. விலை கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. ஒரு நிமிடம் இருந்திருக்கும், மறுபடி வலையில் வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

மூன்றில் ஒன்றை வாங்கினேன், நன்றாகவே வளர்கிறது. எனக்கு இன்னும் பிடிபடாதது இதுதான்: விற்கப் போவதில்லை என்றால் எதற்காக மெனக்கெட்டுக் கொண்டுவந்து விட்டார்?

கிளாங் சாங்கே:
அண்ணே, இதில் என்ன குழப்பம்? அது டாட்டெகோய். இன்னும் மேலே வரும் என்று நினைக்கிற மீனை எந்த வளர்ப்பாளரும் எளிதில் கொடுக்க மாட்டார். போட்டிக்கோ, அடுத்த ஈற்றுக்குத் தாயாகவோ வைத்துக்கொள்வார். உங்கள் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார், அவ்வளவுதான்.

என் கதை சின்னது. பிப்ரவரியில் போனபோது ஒரு சாங்கேயைப் பார்த்தேன், வெள்ளையில் சிவப்பும் கறுப்பும் வரும் வகை. மேலே கறுப்பே இல்லை, தோலுக்கு அடியில் நீலச் சாயல் மட்டும். பெரியவர் விரலை நீருக்கு மேலே பிடித்து, தொடாமல், இங்கே, இங்கே, இங்கே என்று மூன்று இடம் காட்டினார். சுமி, அதாவது அந்தக் கறுப்பு, அங்கெல்லாம் எழும்பும் என்றார். வாங்கிவந்தேன். இரண்டு இடத்தில் அவர் சொன்ன அதே இடத்தில், விரல் அகலம்கூடப் பிசகாமல் வந்துவிட்டது. மூன்றாவது வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். நம் ஊர்த் தண்ணீர் வருஷம் முழுக்க 28 டிகிரி. குளிர்ந்தால் சுமி ஏறும் என்பார்கள். அந்த மூன்றாவது புள்ளி நீகாட்டாவில் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்ற கேள்வி விடவே மாட்டேன் என்கிறது.

சரி, முதல் தடவை போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஆண் மீனுக்கு நிறம் சீக்கிரம் முழுசாக வந்துவிடும், விலையும் குறைவு. சின்னக் குளம் வைத்திருப்பவர்கள் பெண் மீன் பின்னால் ஓட வேண்டியதில்லை. பேட்டர்னைக் கடைசியில் பாருங்கள். முதலில் முதுகெலும்பு நேராக இருக்கிறதா, தோள் அகலம் எப்படி, வால் தொடங்கும் இடம் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பின் பின் ஓரம் கத்தரித்தது போல் இருந்தால் ஒரு டோசாய்க்கு, அதாவது முதல் வருஷ மீனுக்கு, அது நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் முழுசாகிவிட்ட மீன் அது, இனிமேல் இறங்கவும் கூடும். வாங்குவதற்கு முன் வீடியோ எடுங்கள், கூடாரத்து மஞ்சள் வெளிச்சத்தில் இல்லாமல் வாசலில் வைத்து எடுங்கள். வந்த மீனை நேரே குளத்தில் விடாதீர்கள். தனித் தொட்டி, 22 முதல் 25 டிகிரி, கூடவே உங்கள் பழைய மீன் ஒன்று, சில வாரங்கள். நோய் இருந்தால் அங்கேயே தெரியட்டும். 2003-இல் கசுமிகவுரா ஏரியில் உணவுக்கு வளர்த்த கெண்டைகளை ஹெர்பீஸ் வைரஸ் அள்ளிக்கொண்டு போனதை மறக்க வேண்டாம். விலை விஷயத்திலும் மிரள வேண்டாம். 2018-இல் ஹிரோஷிமாவில் ஒரு மீட்டரைத் தாண்டிய கோஹாகு ஒன்று 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துப் பயந்து, நீகாட்டா பக்கமே போகாமல் இருப்பவர்கள் நிறைய.

நாகஓகாவில் வேலை:
கிளாங் அண்ணன் சொன்ன அளவுகோல் விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்க வந்தவருக்குக் கண் பயிற்சி கொடுக்க அறுவடை நேரத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது?

இங்கே பக்கத்து மலைப்பகுதியான யமகோஷியில், கோய் வளர்க்கும் ஒரு வீட்டுக்காரர்களோடு பழக்கம். குளம் இழுக்கும் நாளில் ஆள் போதாவிட்டால் என்னையும் கூப்பிடுவார்கள். இடுப்பு வரை ரப்பர் உடுப்பு, கணுக்கால் புதையும் சேறு. வரிசையாக நின்று வலையின் கீழ்க் கயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டே நகர வேண்டும், கால் தூக்கினால் அந்த இடைவெளியில் மீன் போய்விடும். தண்ணீர் தேநீர் நிறம், உள்ளே ஒன்றும் தெரியாது. வலை சுருங்கிக் கடைசி மூலைக்கு வந்ததும்தான் முதுகுகள் தெரியும். எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஜூனில் விட்டதற்குப் பிறகு அந்த மீனை அவர்களும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

ஒரு தடவை வேலை முடிந்து கை கழுவும்போது, பக்கத்தில் புல் மண்டிக் கிடந்த பள்ளத்தைப் பெரியவர் காட்டினார். அதுவும் குளமாக இருந்ததுதானாம். 2004 அக்டோபர் 23 மாலை, 6.8 நிலநடுக்கம். கரை பிளந்து தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது, அப்புறம் அந்த மண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. சாலைகள் எல்லாம் அறுந்துபோய் ஊரில் இருந்த 2,000-க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டரில்தான் வெளியே கொண்டுபோனார்கள். கரண்ட் போனதால் தொட்டிகளில் பம்பும் நின்றது. அவர் அதைச் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. கடைசியில் ஒன்று சேர்த்தார்: தாய் மீன் மிஞ்சியவன் மறுபடி ஆரம்பித்தான்.

ஈப்போ அண்ணா, அந்த அப்பா ஏன் தர மறுத்தார் என்பதற்கு என் பதில் இது. நெல் வயலுக்குத் தேக்கிய தண்ணீரில் பனிக்காலச் சாப்பாட்டுக்குக் கெண்டை வளர்த்த கிராமங்கள் இவை. அதில் எப்போதோ நிறத்தோடு பிறந்த மீன்களை 200 வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கி இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். தாய் மீனை விற்றால் அந்த வரிசை கையை விட்டுப் போய்விடும். ஏன் காட்டினார் என்றால், காட்ட ஆசைப்பட்டார். வருஷம் முழுக்க அதை அவரும் மகனும்தான் பார்க்கிறார்கள். தூரத்திலிருந்து ஒருத்தர் வந்து குனிந்து பார்ப்பது அவருக்குப் பிடித்திருக்கும்.

லண்டன் பின்வளவு:
அசுக்கரி, அதாவது வாங்கின மீனை வளர்ப்பாளரிடமே வளர விட்டு வைப்பது, அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் கதைக்கிறேன்.

ஒரு நிசாய் ஷோவாவை (கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் உள்ள வகை) வாங்கி, இன்னொரு கோடைக்கு அவர்களின் மண் குளத்திலேயே விட்டேன். அடுத்த அக்டோபர் குளம் இழுக்கும்போது கரையில் நின்றேன். நாகஓகா தம்பி சொன்ன அந்தக் கடைசி மூலையை நானும் பார்த்தேன். ஒவ்வொரு மீனாகத் தூக்கித் தொட்டிக்குள் விடுகிறார்கள். கையில் படத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். என்னுடையது வரவில்லை. வலை வெறுமையான பிறகும் ஒரு பொடியன் சேற்றுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தான். கொக்கோ, நோயோ, ஒருவருக்கும் தெரியாது.

வளர்ப்பாளர் குனிந்து வணங்கினார். அதே ஈற்றில் பிறந்த இன்னொரு மீனைத் தரலாம் என்றார். டீலரோ, அசுக்கரியில் நட்டம் வாங்கினவரைத்தான் சேரும், அவர் தருவது அவருடைய பெருந்தன்மை, கேட்டு வாங்க உரிமை இல்லை என்று காதுக்குள் சொன்னார். காசு கட்டும்போது இதை அவர் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மீனை எடுத்துக்கொண்டேன். நல்ல மீன். ஆனால் அந்தப் பொடியன் சேற்றுக்குள் கைவிட்டுத் தேடினது கண்ணுக்குள் நிற்கிறது.

கிளாங் சாங்கே:
இதனால்தான் சொல்கிறேன், வாங்கிய மீனைக் கையோடு அனுப்பிவிடுங்கள். சில நாள் பட்டினி போட்டு, ஆக்சிஜன் நிரப்பிய பையில் கட்டி, பெட்டியில் வைத்தால் விமானப் பயணத்தை நல்ல மீன் தாங்கும்.

லண்டன் பின்வளவு:
இல்லை அண்ணை, உடன்பட மாட்டேன். அந்த மண்ணும் அந்தத் தண்ணீரும் ஒரு கோடையில் தருகிற உடம்பை என் பின்வளவுத் தொட்டி ஒருநாளும் தராது. நான் மறுபடியும் விடுவேன். இந்த முறை மீன் செத்தால் என்ன, காணாமல் போனால் என்ன, மாற்று உண்டா இல்லையா, எல்லாவற்றையும் காசு கட்ட முதல் எழுத்தில் வாங்குவேன். உங்களுடைய சாங்கேயும் அங்கேயே நின்றிருந்தால் அந்த மூன்றாவது சுமி வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.