வாரத்தில் நான்கு நாள் கறி சமைக்கும் வீட்டில் காய்கறியைக் கூட்டுவது எப்படி?

கேள்வி (திண்டுக்கல்)

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஞாயிறும் புதனும் ஆட்டுக்கறி, இடையில் இரண்டு நாள் கோழியோ மீனோ இருக்கும். கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதால் ஆட்டுக்கறியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். புரட்டாசி முழுவதும் கறி சேர்க்காமல் இருக்கும் குடும்பம்தான். ஆனாலும் ஐப்பசி பிறந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. நான் வைக்கும் பொரியல் தட்டின் ஓரத்திலேயே கிடந்து குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பதினான்கு வயது மகளுக்கு இரத்தசோகை இருந்து இப்போதுதான் தேறியிருக்கிறாள். கறியைக் குறைத்தால் பிள்ளையின் உடம்பு தாங்குமா என்று மாமியார் கேட்கிறார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (காரைக்குடி)

சகோதரி, பொரியல் ஓரத்தில் கிடப்பதற்குக் காயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறி என்றால் சோம்பும் கல்பாசியும் தாளித்து, சின்ன வெங்காயம் உரித்துப்போட்டு, மசாலா அரைத்து, எண்ணெய் பிரியும்வரை அடுப்படியில் நின்று கிளறுகிறோம். பீன்ஸ் என்றால் கடுகு தாளித்துத் தண்ணீர் தெளித்து மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கறிக்குக் கொடுக்கும் மசாலாவையும் நேரத்தையும் காய்க்கும் கொடுத்துப் பாருங்கள்.

சேனைக்கிழங்கில் தொடங்கலாம். விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்த புளித்தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்துவிடுங்கள். சேனையில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால்தான் நாக்கு அரிக்கிறது. புளி அந்த அரிப்பைக் குறைக்கும். சோம்பு, மிளகு, பூண்டு, காய்ந்த மிளகாய் அரைத்த விழுதைத் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு, இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் ஓரம் முறுகும்வரை தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் மசாலா கல்லோடு நின்றுவிடும், கிழங்கு மட்டும் வெறுமையாக வரும். பலாப்பிஞ்சு கிடைக்கும் மாதங்களில் கறிக்குழம்பு மசாலாவிலேயே அதை வையுங்கள், நார்நாராகப் பிரிந்து சாற்றைக் குடித்துக்கொள்ளும். நறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீர்கள்.

பதில் (கீழக்கரை)

கறியை அடியோடு நிறுத்தினால்தான் வீட்டில் சண்டை வரும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் வீடுகளில் வைக்கும் தால்ச்சாவில் கால் கிலோ எலும்புக்கறிதான் இருக்கும். பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய் எல்லாம் அதன் சாற்றிலேயே வெந்து எட்டுப் பேருக்குப் போதும். கறியின் ருசி சட்டி முழுவதும் இருக்கும், தட்டில் விழுவது பெரும்பாலும் காயும் பருப்பும்தான். கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயும் மொச்சையும் போடுவதும் இதே கணக்குத்தானே.

பதில் (கோவை, உணவியல் படித்தவர்)

மாமியாரின் கேள்வி நியாயமானது. கறியில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ளதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. ஆனால் வைட்டமின் சி சேர்ந்தால் உடல் ஏற்கும் அளவு கூடுகிறது. ஆகவே முருங்கைக்கீரையோ தட்டைப்பயறோ சமைக்கும் நாளில் எலுமிச்சை பிழிந்துகொள்வது, கொய்யாவோ நெல்லியோ உடன் தருவது, சாப்பாட்டை ஒட்டித் தேநீர் குடிக்கும் பழக்கத்தை விடுவது ஆகியவை உதவும். வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீனை மகளுக்கு நிறுத்த வேண்டாம். அவளுடைய ஹீமோகுளோபின் அளவை இடையிடையே பரிசோதித்து மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியின் பக்கம் மட்டும் போக வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. புதன்கிழமை சேனை வறுத்தேன். முதல் நான்கு வில்லைகளை அவசரத்தில் திருப்பி மசாலாவைக் கல்லில் விட்டுவிட்டேன். அதைப் பார்த்த மாமியார் தாமே கரண்டியை வாங்கிப் பொறுமையாக வறுத்து முடித்தார். மகள் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சேனையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தால்ச்சாவுக்கு மாங்காய் வாங்கி வைத்திருக்கிறேன். கத்தரிக்காய் குழைந்துபோகாமல் இருக்க எப்போது போட வேண்டும்?

பதில் (கீழக்கரை)

கறியும் பருப்பும் வெந்த பிறகு முதலில் வாழைக்காய், அது பாதி வெந்ததும் கத்தரிக்காய், அது வெந்து வரும்போது மாங்காய். புளியை மாங்காயின் புளிப்பைப் பார்த்துக் கடைசியில் ஊற்றுங்கள்.