மைசூர் அரண்மனை லைட்டிங்: வானமும் பல்பும் ஒரே படத்துல வரணும், எப்படி?

அந்திக்கேமரா:
டிசம்பர் லீவுல மைசூர் போறோம், ஞாயித்துக்கிழமை அரண்மனை லைட்டிங் எடுக்கணும். பல்புக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள்ள விடுற வெளிச்ச அளவு) வச்சா வானம் கருப்பு, வானத்துக்கு வச்சா பல்பு வரிசை ஒரே வெள்ளைப் பட்டை. ஆட்டோ எச்டிஆர்ல (வேற வேற எக்ஸ்போஷர் படங்கள தானா ஒண்ணாக்குற வசதி) சேர்த்தா கோபுரத்த சுத்தி ஒளிவட்டம் வருது, கீழ நடக்குறவங்க பாதி உடம்போட தெரியுறாங்க. யாராவது கையால பிளெண்ட் பண்றீங்களா?

நீலநேரம்:
பிளெண்டிங்க விடுங்க, முதல்ல நேரத்த பாருங்க ப்ரோ. அங்க லைட் போடுறதே 7 மணிக்குத்தான், முக்கால் மணி நேரம்தான் எரியும், டிசம்பர்ல சூரியன் 6 மணி வாக்குலயே இறங்கிடும், அதனால லைட் வர்றப்போ வானத்துல நீலம்னு ஒண்ணு இருக்காது, எத்தன பிராக்கெட் (ஒரே காட்சிய வேற வேற எக்ஸ்போஷர்ல எடுக்குறது) போட்டாலும் இல்லாத கலர் வரவே வராது. அரண்மனை கிழக்கு பாத்து இருக்கு, நீங்க முன்னாடி நின்னா மறையுற பக்கத்து வானம் நேரா அதுக்குப் பின்னாடிதான், அது பெரிய வரம். 6.15லருந்து 6.25க்குள்ள வானத்துக்கு ஒரு ஃப்ரேம் எடுத்துட்டு, ட்ரைபாட தொடாம ஃபோகஸ மேனுவல்ல பூட்டி அப்படியே நில்லுங்க. 7 மணிக்கு லைட் வந்ததும் ஐஎஸ்ஓ 100, எஃப் 8ல ரெண்டு ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) இடைவெளில மூணு, நாலு ஷாட், ரெண்டு செகண்ட் டைமர் போட்டு.

லேயர்மாஸ்க்:
மேல சொன்னதோட சேத்து ஒண்ணு. ஃபோட்டோஷாப்ல வான ஃப்ரேம கீழ வச்சு, லைட் ஃப்ரேம மேல வச்சு லைட்டன் மோட் போடுங்க. எந்த இடத்துல எது வெளிச்சமோ அதத்தான் எடுக்கும், கோபுர விளிம்புல மாஸ்க் (லேயர்ல வேணாத பகுதிய மறைக்கிற திரை) வெட்டுற வேலையே இல்ல, ஒளிவட்டமும் வராது. அப்புறம் எல்லாத்துலயும் குறைஞ்ச எக்ஸ்போஷர் ஷாட்ட மேல நார்மல் மோட்ல வச்சு கருப்பு மாஸ்க் போட்டு, பல்பு எரிஞ்சுபோன எடத்துல மட்டும் மெல்லிசான பிரஷ்ல 30, 40 சதவீதம் வெளிய கொண்டு வாங்க. முழுசா கொண்டு வந்தா பல்பு செத்த மாதிரி ஆகிடும், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு எரியுற கட்டடம், கொஞ்சம் கண்ணு கூசணும். ஜனங்கள ஒரே ஒரு ஷாட்லருந்து மட்டும் எடுங்க. RAW ஃபைலா எடுத்து எல்லா ஷாட்டுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் (கலர் சாயல் செட்டிங்) வைங்க.

கிழக்குவாசல்:
எனக்கு இந்த முக்கால் மணி நேர ஒட்டு வேலை சுத்தமா பிடிக்காது, அப்படி ஒரு வானத்துக்குக் கீழ அந்த லைட் எரியவே இல்லயே. ஜூன், ஜூலைல போங்க, சூரியன் 6.50 வாக்குலதான் மறையும், லைட் வந்து பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள வானமும் கட்டடமும் தானா சமமாகுற ஒரு நேரம் வரும், அப்போ ரெண்டு ஷாட்டே போதும். மேகம் இருந்தாலும் நல்லதுதான்.

அந்திக்கேமரா:
டிக்கெட் போட்டாச்சு, அதனால டிசம்பருக்கு லைட்டன் வழிதான். ட்ரைபாட் உள்ள விடுவாங்களா?

நீலநேரம்:
வாசல்லயே கேட்டுக்கோங்க. விடலன்னா இந்த முறையே நடக்காது, கையில வச்சுகிட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு அதே ஃப்ரேம் கிடைக்காது.