சான்று பெற்ற சமரசர் ஆக வழி சொல்லுங்கள்

வணக்கம். 40 மணி நேர சமரசப் பயிற்சியைப் போன வாரம் முடித்தேன். ஒத்திகையில் இருவர் அண்ணன் தம்பியாக நடித்தார்கள், பாகப்பிரிவினைத் தகராறு. "வீட்டை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நான் அவசரப்பட்டதும் பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். தீர்ப்புச் சொல்வது நடுவர் வேலை. சமரசர் கேள்வி கேட்டு, அவர்கள் வாயிலிருந்தே முடிவை வரவைக்க வேண்டும் என்றார். அது மனதில் தைத்துவிட்டது, இந்த வேலையை உண்மையாகவே கற்றுக்கொள்ள ஆசை.

சரி, கையில் இருப்பது பயிற்சிச் சான்றிதழ்தான். இன்டர்நேஷனல் மீடியேஷன் இன்ஸ்டிட்யூட் போன்ற அமைப்புகளின் தகுதிச் சான்றுக்கு அனுபவமும் மதிப்பீடும் வேண்டும். மூத்த சமரசருடன் இணைச் சமரசராக உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்களா? அவரை எப்படி அணுகினீர்கள்? அப்புறம், தனியாகப் பேசும்போது ஒருவர் சொன்ன ரகசியம் மறுதரப்பு முன்னால் முகத்தில் தெரியாமலிருக்க எப்படிப் பழகினீர்கள்?