மே மாச வெயில்ல மெட்ராஸ்ல எந்த பார்க்? நூறு ரூபா டிக்கெட்டா, புங்கமர நிழலா?

திருவான்மியூர்_ஆமை:
மக்களே, திருச்சியிலருந்து அக்கா ஃபேமிலி வராங்க. ரெண்டு வாண்டுங்க (9, 4), கூட எங்கம்மா, முட்டி வலி கேஸ். சாயங்காலம் பீச், அது முடிவாயிடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு பார்க்குக்கு கூட்டிட்டு போகணும். கதீட்ரல் ரோடு கலைஞர் நூற்றாண்டு பூங்காவா, செம்மொழியா, கிண்டியா? வெயில் வேற மண்டைய பொளக்குது.

ஈசிஆர்_எழில்:
யோசிக்கவே வேணாம், கலைஞர் பூங்கா. 2024 அக்டோபர்ல தொறந்தாங்க, ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, மியூசிக்கல் ஃபவுண்டன் எல்லாம் இருக்கு. பெரியவங்களுக்கு 100, பசங்களுக்கு 50ன்னு தொறந்தப்போ வாங்குனாங்க, இப்ப எவ்ளோன்னு பாத்துக்கோங்க. பசங்க போரடிக்குதுன்னு சொல்லவே மாட்டாங்க.

லஸ்_வாத்தியார்:
பூங்கான்னா நிழல்மா, நீங்க சொல்றது பொருட்காட்சி. ஆமை தம்பி, பேசாம அம்மாவ லஸ்ல இருக்குற நாகேஸ்வர ராவ் பார்க் கூட்டிட்டு வா. அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் பந்துலு பேர்ல இருக்குறது, நாலு ஏக்கர் சொச்சந்தான், காசு கிடையாது. ஒரு பக்கம் செஸ், ஒரு பக்கம் ஷட்டில், மாசத்துல முதல் ஞாயிறு காலைல பொடிசுங்க மைக் இல்லாம கச்சேரி பண்ணும். வேற என்ன வேணும்?

ஈசிஆர்_எழில்:
சார், 9 வயசு பையன் பெரிசுங்க செஸ் ஆடுறத பாக்கவா திருச்சியிலருந்து பஸ் ஏறி வரான்? டிக்கெட் வாங்குனா பாத்ரூம் கழுவ ஆள் இருக்கும், வாசல்ல செக்யூரிட்டி இருப்பாரு. பொம்பளைங்க கைக்குழந்தையோட வெளிய போனாத்தான் இதோட அருமை தெரியும். ஓசி பார்க்ல பாத்ரூம் எந்த லட்சணத்துல இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

லஸ்_வாத்தியார்:
பாத்ரூம் பாயிண்ட ஒத்துக்கறேன், பதிலே கிடையாது. ஆனா அஞ்சு பேர் குடும்பம் 400 ரூபா குடுத்தாதான் உள்ளன்னா, வீட்டு வேலை செய்யிற அக்கா பசங்கள எங்க கூட்டிட்டு போவாங்க? இன்னொண்ணு, இந்த புல்லு. 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வத்திப் போய் லாரி தண்ணிக்கு குடத்தோட ராத்திரி முழுக்க நின்ன ஊரு இது, இங்க போய் பச்சை ஜமுக்காளம் விரிச்ச மாதிரி புல்ல வளத்து "உள்ளே நடக்காதீர்கள்"னு போர்ட வெச்சா எரிச்சல் வருமா வராதா.

புல்லட்_பாண்டி:
நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கணும். டிக்கெட் இல்லாத இடம்தான் அண்ணே முதல்ல காணாம போகுது. சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்னு ஒண்ணு இருந்துச்சு, 1859ல ஆரம்பிச்சது, 116 ஏக்கர்! மிருகக்காட்சி சாலையே அதுக்குள்ளதான். இப்ப அந்த இடத்துல கார்ப்பரேஷன் ஆபீஸ் இருக்குற ரிப்பன் பில்டிங், நேரு ஸ்டேடியம், ரயில்வே.

லஸ்_வாத்தியார்:
டிக்கெட் வெச்சிருந்தா ரிப்பன் பில்டிங் க்யூல நின்னு டிக்கெட் எடுத்துட்டா உள்ள வந்திருக்கும்? கட்டுனது சர்க்கார் தம்பி.

புல்லட்_பாண்டி:
😂 சரி சரி

அண்ணாநகர்_12வது_மாடி:
எங்க டவர் பார்க்க ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்கு கட்டுன டவர், பன்னெண்டு மாடி, 2011ல பூட்டி 2023லதான் திரும்ப தொறந்தாங்க. முட்டி வலிக்கு வேணாம்தான், பசங்க ஏறட்டும். அப்புறம் ஆமை, கிண்டி போறதுன்னா செவ்வாய்க்கிழமை லீவு.

ஈசிஆர்_எழில்:
நிழல் நிழல்னு பேசுறீங்களே, அந்த நிழல் மதியம் பூட்டித்தான கெடக்குது! எங்க ஏரியா பார்க்ல போன வாரம் ஒன்றரை மணிக்கு கேட்ல பூட்டு. உள்ள பெஞ்செல்லாம் காலி. வெளிய காம்பவுண்டுக்கு இந்தப்பக்கம் நீட்டிட்டு இருந்த ஒரே ஒரு கிளை நிழல்ல ஒரு ஆட்டோகாரர், ரெண்டு டெலிவரி பசங்க, வெள்ளரிக்கா விக்கிற பாட்டி, கூட நானும் குழந்தையும். நிழல் நகர நகர நாங்களும் நகந்துட்டே இருந்தோம். உங்க ஓசி பார்க் அந்த நேரத்துல யாருக்கு?

லஸ்_வாத்தியார்:
அது அநியாயம், அதுல நான் உங்க கட்சி. காலைலயும் சாயந்தரமும் வாக்கிங் போறவங்களுக்கு மட்டும் தொறக்குறது பார்க்கே இல்ல. அதுக்காக பூட்ட ஒடைக்க சொல்லாம டிக்கெட் வாங்க சொல்றீங்களே, அதான் ஒத்து வரல.

அண்ணாநகர்_12வது_மாடி:
எதுவா இருந்தாலும் கடல்காத்து அடிச்சப்புறம் கெளம்புங்க. மேகாத்து (மேற்கிலருந்து அடிக்கிற காத்து) பலமா இருக்குற அன்னிக்கு அது லேட்டாத்தான் உள்ள வரும், அன்னிக்கு நாலு மணிக்கு முன்னாடி வெளிய தலை காட்டாதீங்க.

திருவான்மியூர்_ஆமை:
அப்டேட். வாத்தியார் பேச்ச கேட்டு லஸ் போனோம், நாலரைக்கு. வெயில்ல கெடந்த சிமெண்ட் பெஞ்சு தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு, அம்மா அங்கருந்து எந்திரிச்சு மரத்தடில துண்ட விரிச்சு காலை நீட்டி உக்காந்துட்டாங்க. கீழெல்லாம் புங்கம்பூ, பொரி கொட்டுன மாதிரி. ஆறரை வரைக்கும் அசையல, பீச் கேன்சல். சின்னது செஸ் ஆடுற தாத்தா ஒருத்தரோட குதிரைய எடுத்துட்டு ஓடிருச்சு, அவர் ஆட்டம் தோத்ததுக்கு அதுதான் காரணம்னு இன்னும் சொல்லிட்டு இருப்பாரு. பெரியவன் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு ஜிப்லைன் எங்கன்னு கேக்குறான். நாளைக்கு கதீட்ரல் ரோடு. எழில் அக்கா, டிக்கெட் ஆன்லைன்ல எடுக்கணுமா, கேட்லயே கெடைக்குமா?