தூத்துக்குடிப் பக்கம் சுற்றியவர்கள்: கண்டதும் பேசியதும்

முத்துநகர்வாசி:

வெளியூர்க்காரர்களுக்குத் தூத்துக்குடி என்பது திருச்செந்தூர் போகிற வழி. வண்டியை நிறுத்தி அரை கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால் நாங்களும் பனிமய மாதா கோயில், முயல் தீவு, ரோச் பூங்கா என்று மூன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். அந்த மூன்றும் ஒரு சாயங்காலத்துக்குக் காணும்.

இடங்களின் பட்டியல் எங்கேயும் கிடைக்கிறது. இந்தப் பக்கம் சுற்றும்போது யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

சென்னையிலிருந்து வந்த மச்சினன் குடும்பத்தை உப்பளம் பார்க்கக் கூட்டிப்போனேன். அளம் தனியார் இடம், தெரிந்தவர் மூலம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை, ஆனால் பெண்கள் ஏற்கெனவே பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைப் பிடுங்கும், அதனால் இருட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மச்சினன் போட்டோ எடுக்கிற ஆசையில் செருப்போடு பாத்திக்குள் காலை வைக்கப் போனான். ஒரு வயதான அம்மா வாருபலகையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "போட்டோ எவ்வளவு வேணாலும் எடுத்துக்க தம்பி. வரப்புல நின்னு எடு. இந்தத் தரையை மிதிச்சு மிதிச்சு இறுக வச்சிருக்கோம். நீ ஒரு குழி பறிச்சா அதுல சேறு கலந்து உப்பு கறுத்துப்போகும்." அப்புறம் அவரே நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக மாறி மாறி வந்து, வெயிலிலும் காற்றிலும் கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்தியில்தான் உப்பாகப் பூக்கும். மச்சினன் பையன் "மழை பெய்தால்?" என்று கேட்டான். "ஊருக்கு நல்லது. எங்களுக்கு லீவு, சம்பளமில்லாத லீவு." வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அளத்தில் வேலை நின்றுவிடும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைவது இங்கேதான் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அந்த லீவைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லை.

கொங்குப்பயணி:

நாங்கள் கோயம்புத்தூர். வருடா வருடம் திருச்செந்தூர் போகிற குடும்பம். கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, தரிசனம் முடித்து, பன்னீர் இலை விபூதியை வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவோம். 2025 ஜூலையில் நடந்த குடமுழுக்குக்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அங்கே யாரோடும் நின்று பேச வழியில்லை, வரிசை தள்ளிக்கொண்டே போய்விடுகிறது.

பேசக் கிடைத்தது மணப்பாட்டில். திருச்செந்தூரிலிருந்து தெற்கே அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடலுக்குள் துருத்தி நிற்கும் குன்று, அதன் மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில். கீழே கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் அதில் தங்கியிருந்தார் என்கிறார்கள். குகைக்குள் ஒரு கிணறு, அதன் தண்ணீர் உப்புக் கரிக்காது. திருச்செந்தூர் நாழிக்கிணறும் அப்படித்தான். அலையடிக்கிற தூரத்தில் நல்ல தண்ணீர்! என் மாமியார் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கீழே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் "இங்கே குளிக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். "வடக்குப் பக்கம் குளிங்க. தெக்க இறங்காதீங்க, பார்க்க ஒண்ணும் தெரியாது, இழுத்துரும்." ஒரே குன்றின் இரண்டு பக்கமும் இரண்டு கடல் மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கம் குளம்போலக் கிடக்க, மறுபக்கம் அலை புரண்டது. அந்த அலைக்காகவே பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ சர்ஃபிங் பையன்கள் வருகிறார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, "நாங்க அலைக்குத் தப்பி உள்ள போறோம், இவங்க அதுல ஏறத்தான் போறாங்க" என்று சிரித்தார். ஓடை வாயில் இருக்கும் மணல் திட்டையும் காட்டினார். போன வருடம் அது அந்த இடத்தில் இல்லையாம், ஒவ்வொரு காற்றுக்கும் நகருமாம்.

மதிய வெயிலில் குன்றேற வேண்டாம், நிழல் கிடையாது.

ராச்சாப்பாடு:

யாரும் சாப்பாட்டுக்கு வரவில்லையே, அதனால் நான். இரவில் "நைட் கிளப்" என்று பலகை பார்த்தால் பயப்படாமல் குடும்பத்தோடு உள்ளே போங்கள், அது புரோட்டாக் கடை. என்னோடு வந்த பெங்களூர் நண்பன் வாசலில் நின்றுகொண்டு "அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்டா" என்று தயங்கினான். உள்ளே அவன் அம்மாதான் இரண்டாவது செட் கேட்டார்.

மக்ரூன் முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். கடற்காற்று பட்டால் நமத்துவிடும். கடைக்காரர் ஒருவர் சொன்னது: "திறந்தா முடிச்சிரணும், மூடி வச்சுத் திங்கிற சாமான் இல்ல இது." எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே வந்ததில்லை.

பரணிக்கரை:

கொற்கை, ஆதிச்சநல்லூர் இரண்டையும் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கொற்கை பாண்டியர்களின் துறைமுகம். சங்கப் பாடல்களில் அதன் முத்து வருகிறது, கிரேக்கர்கள் எழுதிய குறிப்பிலும் அந்த ஊர் இருக்கிறது. இன்றைக்குப் போனால் வாழைத் தோட்டமும் வயலும்தான். டீக்கடையில் ஒரு பெரியவரிடம், கொஞ்சம் விளையாட்டாகத்தான், "கடல் எங்கே ஐயா?" என்றேன். "அது கோவிச்சுக்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சு" என்றார். பிறகு விவரமாகவே பேசினார். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கரை முன்னேற, கடல் பின்னால் போய்விட்டது. இப்போது சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அவர் சின்னப் பையனாக இருக்கும்போது கிணறு வெட்டினால் சங்கும் சிப்பியும் வருமாம். பழைய வன்னி மரத்தையும் வெற்றிவேல் அம்மன் கோயிலையும் காட்ட அவரே எழுந்து வந்தார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ஆதிச்சநல்லூர் வேறு மாதிரி. 1899லிருந்து சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய ஊர். 2004இல் மறுபடி தோண்டினார்கள். இப்போது தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள், 2023 ஆகஸ்ட் முதல் பார்க்கலாம். காலுக்குக் கீழே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள் எடுத்த இடத்திலேயே இருக்கின்றன. எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். ஒரு சிறுமி கண்ணாடி மேல் நடக்க மாட்டேன் என்று ஓரத்திலேயே நின்றாள். டீச்சர் "உடையாதும்மா" என்றார். "உடையாதுன்னு தெரியும் மிஸ். அவங்க மேல மிதிக்கக் கூடாதுல்ல?" டீச்சரும் சுற்றிக்கொண்டு ஓரமாகவே வந்தார்.

சாலைப்பறவை:

கொற்கைக்கு நானும் போனேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே நிற்க எதுவும் இல்லை. குழந்தைகள் வண்டியை விட்டே இறங்கவில்லை. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களை அங்கே அனுப்பாதீர்கள், திட்டு வாங்குவீர்கள்.

பரணிக்கரை:

சரிதான். டீக்கடைப் பெரியவர் இருந்தால்தான் அது பார்க்கிற இடம், இல்லாவிட்டால் பேருந்து நிறுத்தம். ஆனால் குழந்தைகளுக்கு ஆதிச்சநல்லூர் பிடிக்கும், அதை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காற்று:

சொந்த ஊர் திருச்செந்தூருக்கு மேற்கே என்பதால் தேரியைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் திடீரென்று மண் முழுக்கச் சிவப்பு. மணலில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடால் வந்த நிறம். காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் மேடு மேடாகக் கிடக்கும். நடுவில் முந்திரி, பனை, உடைமரம். ஆடி மாதக் காற்றில் போய் நின்றால் பல்லில் மண் கடிபடும், எதிரே வருகிறவர் முகம் தெரியாது. அந்தக் காட்டுக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றி வறண்ட மணலாக இருந்தாலும் கோயிலருகே சுனை. பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் குலதெய்வத்தைத் தேடி வந்து மரத்தடியில் அடுப்புப் பூட்டுவார்கள்.

மும்பையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தை அங்கே பார்த்தேன். தாத்தா காலத்திலேயே ஊரை விட்டவர்கள், பேரனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. எது தங்கள் சாஸ்தா, அதாவது குலதெய்வமான அய்யனார், என்றே அவர்களுக்கு உறுதியில்லை. பூசாரி, தாத்தா பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், எந்தத் தெரு என்றார், கடைசியில் "நீங்க எங்க சித்தப்பா வீட்டுக்கு எதுத்த வீடுல்லா!" என்று முடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேரனைச் சாப்பிடாமல் யாரும் விடவில்லை.

அங்கிருந்து உடன்குடிப் பக்கம் வந்தால் பனங்காடு. பருவத்தில், அதாவது பங்குனி சித்திரையில், காலையிலேயே போனால் மரத்தடியில் பதநீர் கிடைக்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். பனையேறி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநி, தடவாவிட்டால் கள். "இந்தச் சுண்ணாம்புக்குத்தான் போலீஸ்காரர் முதல்ல கலயத்துக்குள்ள விரலை விடுவாரு" என்றார். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "துபாய்ல ஏசி மெக்கானிக். அவனும் ஏணி ஏறித்தான் வேலை செய்யுறான்." கருப்பட்டி வாங்குகிறவர்கள் காய்ச்சுகிற இடத்திலேயே வாங்குங்கள், சாலையோரம் சீனி கலந்ததும் அதே பேரில் விற்கிறது.

குலசேகரன்பட்டினம் தசராவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்வார்கள். காளி வேஷக்காரர்கள் வாரக்கணக்கில் விரதம் இருப்பார்கள். என் பக்கத்தில் கிழிந்த சட்டையும் திருவோடுமாக ஒருவர் வந்து கை நீட்டினார். பேசிப் பார்த்தால் வங்கி அதிகாரி. "வருசம் முழுக்க லோன் கேட்டு என்கிட்ட வர்றாங்க. இந்தப் பத்து நாள் நான் கேக்கணும்னு அம்மா வச்சிருக்கா."

அதே ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேராகக் கடல். அது வந்த பிறகு தசராக் கூட்டமும் ராக்கெட் கூட்டமும் ஒரே வாரத்தில் வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் இப்போதைக்கு எங்கள் ஊர்க் கவலை.

கொங்குப்பயணி:

ஒரு சந்தேகம். தூத்துக்குடிக்கு எதிரே கடலில் தீவுகள் உண்டு என்கிறார்களே, படகில் போய்ப் பார்க்க முடியுமா?

முத்துநகர்வாசி:

முயல் தீவுக்குச் சாலையே இருக்கிறது, காரில் போகலாம். மற்றவை மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவுகள், வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. கரையில் யாராவது "நான் கூட்டிப்போறேன்" என்றால் ஏறாதீர்கள். அந்தத் தீவுகளின் பாடும் பரிதாபம்தான். விலாங்குசல்லி முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவைக் காப்பாற்றக் கான்கிரீட்டில் செயற்கைப் பவளத்திட்டு செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள். கொற்கையில் விலகிப் போன கடல் இங்கே ஏறி வருகிறது. எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர், "அப்பா காலத்துல அந்தத் தீவுல வலை காயப் போட்டோம், இப்ப படகு கட்டவே யோசிக்கணும்" என்பார்.

அடுத்த முறை ஆகஸ்ட் தொடக்கத்தில் வாருங்கள். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5. 2023இல் தங்கத் தேர் ஓடியது, அது எல்லா வருடமும் வராது, ஆனால் தேர் இல்லாத வருடமும் கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரம் அறை கிடைக்காது, முன்னாலேயே சொல்லி வையுங்கள். கழுகுமலை, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். நாங்கள் இதுவரை கடற்கரையை விட்டு அதிகம் நகரவில்லை.